நீருக்கேற்ற நுளம்பு

வற்றாப்பளை என்றதும் உப்புநீரில் விளக்கெரியும் கண்ணகை அம்மன் ஆலயமே நம் நினைவிற்கு வரும். நோய் நொடியினின்று காக்குமாறு அவளை வேண்டுதல் நம் முன்னோர் மரபு. அம்முன்னோரை நெடுங்காலம் வாட்டிய நோய்களுள் ஒன்று மலேரியா.

ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் வயலும் தென்னந்தோட்டமும். இத்தகைய ஊரில் நுளம்பெல்லாம் ஒன்றென்று எண்ணலாகாது. நீரின் தன்மைக்கேற்ப நுளம்பும் வேறுபடும்.

நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பியவற்றுள் முதன்மையானது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. வெயில்படும் தெளிந்த நீரே அதற்கு உகந்தது. ஆறு பெருகி ஓடுங்கால் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். ஓட்டம் குன்றி, மணலிடையே நீர் குட்டைகளாகத் தேங்கினால் அவை பல்கிப் பெருகும். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தபோது, என்றும் வற்றாத தென்மேற்கு ஆறுகளும் இவ்வாறே குட்டைகளாயின. அதனை அடுத்து மூண்ட கொள்ளைநோய் 1935இலும் நீடித்து, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது.

தென்னந்தோட்டத்தின் நிலைமை வேறு. நிழலிலே கிடக்கும் சிரட்டை, எலி கோதிய தேங்காய், கவனிப்பாரற்ற வாளி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே ஈடிஸ் நுளம்புக்குப் போதும். டெங்குவைப் பரப்புவது இதுவே. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டப்பட்ட அதன் முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஐப்பசி மழை நனைத்ததும் பொரிக்கும். அனோபிலிஸ் இரவிலே கடிக்க, ஈடிஸ் பகலிலே கடிக்கும். ஆதலின் இரவிலே நுளம்புவலை கட்டியதால் மட்டும் அபாயம் நீங்கிவிடாது.

டி.டி.டி. மருந்துத் தெளிப்பின் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. வெற்றி கிட்டியதென்று முயற்சி தளர்ந்தது. சில ஆண்டுகளுள் நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. பின்னர் பல்லாண்டு உழைப்பால் 2012 ஒக்டோபருடன் உள்நாட்டு மலேரியா ஒழிந்தது. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதற்குச் சான்றளித்தது.

ஒழிந்தது நோயேயன்றி நுளம்பன்று. 2018இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் இரத்தத்திலிருந்த கிருமி, இங்குள்ள நுளம்பின் வழியே வேறொருவரைத் தொற்றியது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய வகை மன்னாரில் காணப்பட்டமை 2017இல் அறிவிக்கப்பட்டது.

முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரத்திற்குச் சற்று மேலாகும். ஆகவே, மாணவர்களே, ஞாயிறுதோறும் வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டைகளைக் கவிழ்த்துவிடுங்கள், தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுங்கள், கிணற்றுக்கு வலையிடுமாறு பெரியோரிடம் கூறுங்கள். 1963இல் தளர்ந்த முயற்சி இனியும் தளராதிருக்கட்டும்.