பல் கூறும் சாட்சி

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முதியோர். சொல் முற்றும் ஒழிந்த பின்னரும் பல் பேசும் என்பதை விஞ்ஞானம் காட்டுகின்றது.

கண்டிக்கு வடக்கே, சிறிது தொலைவில் உள்ளது மாத்தளை. 2012 நவம்பரில் அவ்வூர் வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தோண்டத் தோண்ட, 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள்! அவை எக்காலத்தவை என்பதிலேயே அறிஞர்களின் கருத்து வேறுபட்டது. காணாமற் போனோரைத் தேடும் பெற்றோரின் மனத்திலோ ஒரே வினா: இவற்றுள் நம் பிள்ளை உண்டா?

இத்தகைய வினாவுக்கு விடை தேடும் கல்வியே சட்டமருத்துவ மானிடவியல். இடுப்பெலும்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்பதையும், தொடையெலும்பின் நீளத்தைக் கொண்டு உயரத்தையும் அதில் வல்லோர் மதிப்பிடுவர். சிறுவரின் வயதை அறியவோ பல்லே சிறந்த துணை. பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. முதற் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதிலும், இரண்டாவது 12 வயதிலும் முளைக்கும். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல்லின் மேலுறையாகிய எனாமல் ஒருமுறை அமைந்தபின் புதுப்பிக்கப்படுவதில்லை. உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆதலால் நெருப்பும் மண்ணும் பிறவற்றை அழித்த பின்னும் பல் எஞ்சி நிற்கும்.

இலங்கையிற் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி, 1954இல் கண்டியை அடுத்த பேராதனைக்கு வந்தது. பல் வைத்தியம் பயிலும் மாணவர் எவராயினும், தனித்த ஒரு பல்லைக் கண்டு, மேற்றாடையதா கீழ்த்தாடையதா, இடப்புறத்ததா வலப்புறத்ததா என்று கூறப் பழகுதல் வேண்டும். வாழ்வோரின் நோய் தீர்க்கக் கற்கும் அவ்வறிவே நீதிமன்றத்தில் இறந்தோருக்காகவும் பேசுகின்றது.

எனினும், பல் தானாக வயதைச் சொல்லுமேயன்றிப் பெயரைச் சொல்லாது. பெயரறிய, உயிரோடிருந்த காலத்துப் பதிவொன்று ஒப்புநோக்கக் கிடைத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், தாய்லாந்தில் மாண்ட வெளிநாட்டவர் மிகப் பலரை அடையாளங் கண்டது, அவரவர் நாட்டிலிருந்து வந்த பல் வைத்தியப் பதிவுகளாலேயே. நம் கரைகளிலோ எத்தனையோ பேர் பெயரறியப்படாமலே அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டனர்.

எனவே, பிள்ளைகளின் பல் வைத்தியச் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைப்போமாக. வாய் மூடி விறைத்து நிற்கும் படங்களுக்கு நடுவே, பல் தெரியச் சிரிக்கும் படமொன்றும் வீட்டில் இருக்கட்டும்; அதுவும் சில வேளை சான்றாகும். அது தேவைப்படும் நாள் எவருக்கும் வராதிருக்கட்டும். வந்துவிட்டாலோ, இன்னார் மகன் என்று பெயர் சொல்லிக் கடைசிக் கடன் ஆற்றும் உரிமையேனும் பெற்றோருக்குக் கிட்ட வேண்டாமா?