காலுக்கு உறை உண்டு, பல்லுக்கு?



சென்ற வாரம் மாலை எங்கள் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் ஹாக்கி பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனார் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு மகனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பையனுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டேன் சார், கால் உறையும் வாங்கிவிட்டேன். இனி பயமில்லை" என்றார். "காலுக்குச் சரி. பல்லுக்கு என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு பயிற்சியில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் வாயில் மட்டை பட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து புல்லில் விழுந்தது. பொறுப்பாசிரியர் நான்தான். பல்லைத் தேடி எடுத்தேன். குழாயடிக்குக் கொண்டுபோய் மண் போகத் தேய்த்துக் கழுவினேன். கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டி பிடித்துப் பட்டணத்துப் பல் மருத்துவரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டது. "பாலில் போட்டு உடனே கொண்டு வந்திருக்கலாமே!" என்றார் மருத்துவர். நன்மை என்று எண்ணி நான் செய்தது அத்தனையும் தவறு. அந்தப் பையன் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டான். ஆனால் சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே, நான் தாமதமாகக் கற்றதை நீங்கள் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

நிலைப்பல் பெயர்ந்து விழுந்தால் அதன் வெண்மையான மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. பல்லை மீண்டும் ஒட்டவைக்கும் மெல்லிய உயிர்த்திசு அந்த வேரின் மேல்தான் இருக்கிறது. அது காய்ந்தால் செத்துவிடும். மண் ஒட்டியிருந்தால் பாலில் இலேசாக அலசுங்கள். பிள்ளை தெளிவாக இருந்தால், பல்லை அது இருந்த குழியிலேயே மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பல்லைப் பாலில் போட்டுக் கொண்டு போங்கள். தேநீரில் ஊற்றும் இனிப்புக் கெட்டிப்பால் அல்ல. குடிக்கும் சாதாரணப் பால். ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேர முயல வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பால்பல் விழுந்தால் மட்டும் அதைத் திருப்பிப் பொருத்தக் கூடாது. மருத்துவரிடம் காட்டினால் போதும்.

இவ்வளவும் பல் விழுந்த பிறகு செய்வது. விழாமல் காப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் பற்கவசம். விளையாட்டுச் சாமான் கடையில் 'மௌத்கார்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதற்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. 1890-ஆம் ஆண்டில் லண்டனில் வுல்ஃப் கிராவ்ஸ் என்ற பல் மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களின் உதடு கிழியாமல் இருக்க ஒரு பட்டையைச் செய்து அவர்கள் பல்லில் பொருத்தினார். அதைச் செய்தது எதனால் தெரியுமா? மலாயாக் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலால்! ரப்பர் மரம் இங்கே வருவதற்கு முன்பே மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்யப் பயன்படுத்திய பால் அது. மரம் வெட்டிப் பாலெடுத்த மண்ணில் வாழும் நம் பிள்ளைகள் பற்கவசம் என்றால் என்னவென்றே அறியாமல் இருப்பது வேடிக்கைதான்.

அதனால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் 1998-க்குள் ரக்பி ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் பற்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1995-க்கும் 2003-க்கும் இடையில் அந்த ஆட்டத்தால் ஏற்பட்ட பல் காயங்களுக்கான இழப்பீட்டு மனுக்கள் 43 விழுக்காடு குறைந்தன. ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ளது. கல்லைப் போலக் கெட்டியானது. அனைத்துலக ஹாக்கி விதிகளே வாய்க்கும் பாதுகாப்பு அணியுமாறு பரிந்துரைக்கின்றன. கபடியிலும் காற்பந்திலும் முழங்கையும் தலையும் பல்லில் மோதுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பற்கவசம் மூன்று வகைப்படும். அப்படியே மாட்டிக்கொள்வது முதல் வகை. சரியாகப் பொருந்தாது, பேசவும் மூச்சு விடவும் இடைஞ்சல் தரும். வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து அச்சுப் பதிப்பது இரண்டாவது. பொட்டலத்தில் எழுதியபடி செய்தால் நன்றாகவே அமையும், சப்பாத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது மூன்றாவது. அதுவே சிறந்தது, செலவும் கூடுதல். பல்லில் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

விளையாடி முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் போட்டால் உருமாறிவிடும். அண்ணன் தம்பியானாலும் ஒருவர் கவசத்தை மற்றவர் போடக் கூடாது. பிள்ளை வளர வளரப் பல்லும் மாறும். இறுக்கினாலோ கிழிந்தாலோ புதிது வாங்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: பற்கவசம் பல்லைக் காக்கும், மூளையைக் காக்காது. தலையில் அடிபட்டுப் பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

"பல் போனால் சொல் போச்சு" என்றார்கள் பெரியோர்கள். சொல் மட்டுமா? பிள்ளையின் சிரிப்பும் அல்லவா போய்விடுகிறது! இப்போதெல்லாம் என் பயிற்சிப் பையில் பந்தோடும் ஊதலோடும் ஒரு பெட்டிப் பாலும் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டிய நாள் வராமலிருக்க, இந்த மாதச் சம்பளத்தில் சப்பாத்தோடு பற்கவசத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.