பெர்மிட் காணியில் பங்குக்கு வீடு



சீனன்குடாப் பக்கம் நாலு வீடுள்ள ஒரு மாடிக் கட்டிடம் விலைக்கு வந்தது. நாங்களும் மச்சான் குடும்பமும் பாதிப்பாதி போட்டு வாங்கி, ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விடக் கணக்குப் போட்டோம். அட்வான்ஸும் எடுத்து வைத்தாயிற்று. உறுதியைக் கேட்டால், காட்டியது பெர்மிட்!

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பெர்மிட் கொடுப்பது, பெற்றவர் தானே குடியிருந்து காணியைத் திருத்துவதற்கு. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் செல்லாது. "அற்றோனி எழுதினால் போதும் சேர்" என்கிறார் தரகர். எழுதிக் கொடுத்தவர் மௌத்தானால் அற்றோனியும் முடிந்துவிடும். காணி பெர்மிட்டிலுள்ள பின்னுரித்தாளருக்குப் போகும். நம்முடைய காசு?

சட்டம் பிழை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது இல்லாவிட்டால் ஏழைகளின் காணி எப்போதோ காசுக்காரர் கைக்குப் போயிருக்கும். பிழை, தெரிந்துகொண்டே முத்திரைக் கடதாசியில் வாங்கும் நம்மில்தான். வெளிநாட்டு உழைப்பு முழுக்க அதில் போகிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு ஒருதரம் போய்க் கேளுங்கள். உறுதிக் காணியானாலும் பங்காளியோடு நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள், சொந்த மச்சானாக இருந்தாலும். கடனை எழுதச் சொல்லும் பகரா 282ஆம் ஆயத்தை நாம் ஓதாமலா இருக்கிறோம்?

அட்வான்ஸ் காசு அலுமாரியில் அப்படியே இருக்கிறது. மச்சானுக்குத்தான் எங்களோடு கொஞ்சம் கோபம்.