குசினி யன்னலில் ஒரு தட்டு



போன மாதம் ஒரு வாசகச் சகோதரியின் கடிதம் வந்தது. மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளுடன் ஐரோப்பாவில் இருக்கிறார்களாம். "மருமகள் பொழுது விடிந்தால் ஊர் ரீ.வி.யிலேயே இருக்கிறாள். போன இடத்துப் பாஷையைப் படிக்காமல் இப்படி இருந்தால் பிள்ளைகளின் கதி என்ன? நீங்கள் இரண்டு வார்த்தை எழுதினால் மகன் அதைக் காட்டி அவளைத் திருத்துவான்" என்று எழுதியிருந்தார்.

திருத்துகிற வேலை எனக்கு வராது. ஆனால் இந்தக் கடிதம், சுவீடனில் ஒரு குடும்பம் ஊர் ரீ.வி.க்காக வீட்டையே இழந்த வழக்கை நினைவுபடுத்தியது. அதை ராத்தாவிடம் சொன்னபோது அவ நம்பவில்லை. "என்ன புள்ள, ஒரு டிஷ்ஷுக்காக ஊட்ட உட்டுட்டு போவாங்களா?" என்று கேட்டா. போனார்கள். அந்தக் கதையைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வாசிக்கலாம்.

ஸ்டொக்ஹோம் நகரத்தின் ஓரத்தில் ரிங்கெபி என்றொரு இடம் இருக்கிறது. 1965 முதல் 1974 வரை சுவீடன் அரசாங்கம் பத்து இலட்சம் வீடுகள் கட்டுவதாகத் திட்டம் போட்டு வேலை செய்தது. அந்தக் காலத்தில் எழும்பிய தொடர்மாடிகள்தாம் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. பின்னாளில் அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலானோர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். 1999 நவம்பரில் ஈராக்கைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளுடன் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் வரும்போதே யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டிஷ் பூட்டப்பட்டிருந்தது. அதிலே அரபு மொழியிலும் பாரசீக மொழியிலும் நிகழ்ச்சிகள் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2003இல் வீட்டுச் சொந்தக்காரர் மாறினார். புதியவர் டிஷ்ஷைக் கழற்றச் சொன்னார். வாடகை ஒப்பந்தத்தில், அனுமதியின்றி வெளிச்சுவரில் பெயர்ப்பலகை, வெயில் மறைப்பு, அன்டெனா போன்றவற்றைப் பூட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்துப் போடும்போது அதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்? நாமும் வாசிப்பதில்லை.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 2003 மார்ச்சில் ஈராக் யுத்தம் தொடங்கியது. ஏப்ரலில் பக்தாத் வீழ்ந்தது. சதாம் ஹுசைனின் ஆட்சியில் ஈராக்கில் சாதாரண மக்கள் டிஷ் வைத்திருக்கத் தடை இருந்தது. ஆட்சி போனதும் பக்தாத் தெருக்களில் டிஷ் வியாபாரம் களைகட்டியது, மொட்டை மாடிகளெல்லாம் தட்டுக்களாக முளைத்தன. பக்தாதில் இருப்பவனுக்கு முதன்முதலாக டிஷ் கிடைத்த அதே ஆண்டில், ஸ்டொக்ஹோமில் இருக்கும் ஈராக்கியனைப் பார்த்து உன் டிஷ்ஷைக் கழற்று என்கிறார்கள்! சொந்த ஊரில் குண்டு விழும்போது எந்த வீதி, எந்தப் பாலம் என்று சொந்த மொழியில் கேட்கத் துடிக்காத மனம் உண்டா?

"அப்ப கழட்டிட்டு வேற இடத்தில வச்சா என்ன?" என்றா ராத்தா. அங்கேதான் சங்கடம். இதை விளக்க வானத்துக்குப் போக வேண்டும்.

ரீ.வி. அனுப்பும் இந்தச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பூமி சுற்றும் வேகத்துக்குச் சரியாக அவையும் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர் டிஷ்கள் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்குகிறது, காகம் வந்து குளிக்கிறது. ஸ்டொக்ஹோமோ வடக்கே 59 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அரபு அலைவரிசைகளைக் கொண்டு வரும் செய்மதி தெற்கே, அடிவானத்திலிருந்து 22 பாகை அளவிலேதான் நிற்கும். ஆகவே டிஷ் சுவர்க்கண்ணாடி போல நிமிர்ந்து தெற்கைப் பார்க்க வேண்டும். எதிரே ஒரு கட்டடமோ மரமோ மறைத்தால் படம் வராது. வீட்டின் தெற்குப் பக்கம் எதுவோ, டிஷ் அங்கேதான். வைப்பவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை.

அந்தக் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? சுவரிலிருந்த டிஷ்ஷைக் கழற்றினார்கள். குசினிக்குள்ளே ஓர் இரும்புத் தாங்கியை நிறுத்தினார்கள். அதிலிருந்து ஒரு கை, கையின் நுனியில் டிஷ். ரீ.வி. பார்க்க வேண்டுமென்றால் சின்ன யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவது, பார்த்து முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வது. சுவரில் ஓர் ஆணி கூட இல்லை. சுவீடன் குளிரில், குசினி யன்னல் வழியாக இந்த வேலையைச் செய்வதென்றால்... அந்த வீட்டுத் தாயை நினைத்துப் பார்த்தேன். அடுப்புக்கும் யன்னலுக்கும் இடையில் ஓர் இரும்புக் கை!

அதையும் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் சபை முதலில் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொந்தக்காரர் மேன்முறையீடு செய்தார். 2005 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறி அவர் பக்கம் சாய்ந்தது. டிஷ்ஷை விட்டுவிட்டால் வீட்டில் இருக்கலாம் என்றொரு வழி வைக்கப்பட்டது. அவர்கள் விடவில்லை. 2006 ஜூனில் ஐந்து பேரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள வெஸ்தரோஸ் என்ற ஊருக்குப் போனார்கள்.

இதைப் பிடிவாதம் என்பவர்களும் இருப்பார்கள். ராத்தாவும் அப்படித்தான் சொன்னா. நான் அவவிடம் ஒன்றைக் கேட்டேன். மச்சான் சவூதியில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து நாம் என்ன அனுப்பினோம்? கேஸட்! வீட்டார் எல்லோரும் சுற்றியிருந்து பேசி, பிள்ளை ஓதுவதையும் கோழி கூவுவதையும் சேர்த்துப் பதிவு செய்து, லீவில் வந்து திரும்பிப் போகிறவரின் கையில் கொடுத்தனுப்புவோம். அவர் அதை எத்தனை தரம் கேட்டார் என்று வந்து சொன்னபோது உம்மா அழவில்லையா? ராத்தா பேசாமல் இருந்தா.

வெஸ்தரோஸுக்குப் போன குடும்பம், ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்கு முறையிட்டது. 2008 டிசம்பர் 16இல் தீர்ப்பு வந்தது. தகவல் பெறும் சுதந்திரத்தைச் சொல்லும் 10ஆவது உறுப்புரையைச் சுவீடன் மீறிவிட்டது என்றார்கள். பிறந்த நாட்டின் மொழியோடும் கலாசாரத்தோடும் தொடர்பு வைத்திருக்க விரும்பும், மூன்று பிள்ளைகளுள்ள ஒரு குடும்பத்துக்கு இந்த நிகழ்ச்சிகள் விசேஷ முக்கியத்துவம் உடையவை என்றார்கள். அரசியல் செய்தி மட்டுமல்ல, கலை நிகழ்ச்சியும் சும்மா பொழுதுபோக்கும் கூட அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்றார்கள். இதை மருமகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், நாடகம் பார்ப்பதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது! பத்திரிகையும் வானொலியும் ரீ.வி.க்கு ஈடாகா என்றும் சொன்னார்கள். இன்னொன்று எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. டிஷ்ஷினால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்ற வாதத்துக்கு, அது அப்படியொன்றும் அழகை நினைத்துக் கட்டிய கட்டடம் அல்லவே என்ற பொருளில் பதில் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு முன்பே ஜேர்மனியில் இதே கேள்வி வந்துவிட்டது. 1961இல் போட்ட உடன்படிக்கையின் பேரில் துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1964இலிருந்து கொலோன் வானொலியில் துருக்கி மொழி ஒலிபரப்பு. பிறகு வீடியோ கேஸட். 1990இல் துருக்கி அரசின் வெளிநாட்டு அலைவரிசை தொடங்க, வீடுகளில் டிஷ் பெருகியது. கூடவே வீட்டுச் சொந்தக்காரர்களோடு சண்டையும் பெருகியது. 1994 பெப்ரவரியில் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு துருக்கி வாடகைக்காரரின் வழக்கில், தாய்நாட்டுச் செய்தி அறியவும் மொழி, கலாசாரத் தொடர்பைக் காக்கவும் அவருக்குள்ள அக்கறையை, வீட்டுக்காரரின் சொத்துரிமையோடு சேர்த்து எடைபோடத்தான் வேண்டும் என்றது. அதற்காக எல்லோரும் வென்றுவிடவில்லை. கேபிளிலேயே தாய்நாட்டு அலைவரிசைகள் போதிய அளவு கிடைக்கின்றன, டிஷ் வேண்டாம் என்று பிறகு பல வழக்குகள் தள்ளப்பட்டன. 2013இல் துருக்மேன் வம்சாவளியினர் ஒருவரின் வழக்கில் மட்டும், துருக்கி அலைவரிசைகள் இருக்கின்றனவே என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது, அவருடைய சொந்த மொழியையும் பண்பாட்டையும் பார்க்க வேண்டும் என்று அதே அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

இனி, கடிதம் எழுதிய சகோதரியின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் மாமியார் குறை அல்ல. ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் பலரும் அதையேதான் சொன்னார்கள்: இந்தத் தட்டுக்கள் இருக்கும்வரை இவர்கள் உடம்பால் இங்கேயும் மனத்தால் அங்கேயும் இருப்பார்கள் என்று. லண்டனில் வாழும் துருக்கியரிடையே ஆராய்ந்த அசு அக்சோய், கெவின் ரொபின்ஸ் இருவரும் கண்டது வேறு. டிஷ் வருமுன் அவர்கள் மனத்திலிருந்த ஊர், விட்டு வந்த அன்றைய ஊர், குறையே இல்லாத ஊர். டிஷ் வந்த பிறகு விலைவாசியும் தேர்தல் சண்டையும் அற்பமான போட்டி நிகழ்ச்சிகளும் தினமும் கண்முன் வந்தன. ஊரும் மற்ற ஊர்களைப் போல ஓர் ஊர்தான் என்று தெரிந்தது. ஏக்கம் கூடவில்லை, தெளிந்தது என்கிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. மச்சானின் கேஸட்டில் கோழி கூவியது. கடன்காரர் வந்து வாசலில் நின்றதை நாம் பதிவு செய்யவில்லையே!

ஆனாலும் பகல் முழுக்க ரீ.வி. ஓடும் வீட்டில் குழந்தையோடு பெரியவர்கள் பேசுவது குறைந்துவிடலாம். குழந்தைக்கு வேண்டியது பதில் சொல்லும் வாய். ரீ.வி. பேசுமே தவிரக் கேட்காது. அதனால் மருமகளிடம் ரீ.வி.யை அணை என்று மகனைச் சொல்ல வைக்காமல், அந்த ஊர்ப் பாஷை வகுப்புக்கு அவள் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவனைச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவன் வேலையிலிருந்து நேரத்துக்கு வந்தால் போதும். நீங்களும் போனில் பேரப்பிள்ளைகளிடம் "சாப்பிட்டீங்களா, ஸ்கூல் போனீங்களா" என்று இரண்டே கேள்வியோடு நிறுத்தாமல், ஒரு கதையைப் பாதியில் விட்டு, மீதியை நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது இந்த டிஷ் சண்டைகள் பெரிதும் குறைந்துவிட்டன. ஊர் அலைவரிசையெல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது, அதற்கு எந்த வீட்டுக்காரரும் தடை போட முடியாது. குசினியில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

ராத்தாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "கேஸ் வென்டதுக்கு என்ன குடுத்தாங்க?" நட்டத்துக்கு 6,500 யூரோ, மன வேதனைக்கு 5,000 யூரோ, வழக்குச் செலவுக்கு 10,000 யூரோ என்றேன். "வக்கீலுக்குத்தான் கூட," என்றா. தீர்ப்பு வந்தபோதும் அவர்கள் வெஸ்தரோஸில்தான் இருந்தார்கள்.