பொத்தேரியா, கேளம்பாக்கமா?

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருக்கிறதா, சகோதரிகளே? அப்படியானால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கத்தைப் படியுங்கள். இல்லாதவர்கள் நிதானமாகவே படிக்கலாம். எப்படியும் தங்கை வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ ஒன்று தயாராகிக்கொண்டிருக்கும்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். எங்கள் மாடி வீட்டு அம்மாள் கையில் இரண்டு காகிதங்களோடு படியிறங்கி வந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரே காம்பவுண்டில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். அவர் அப்படிப் படபடத்து நான் பார்த்ததே இல்லை.

"நீ பத்திரிகையில் இருக்கிறவள். நாலு இடம் போய் நாலு பேரைப் பார்க்கிறவள். இதில் எது உசத்தி, சொல்லும்மா" என்றார்.

பெண்ணுக்கு இரண்டு இடத்தில் பி.டெக். கிடைத்திருக்கிறது. ஒன்று காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மற்றது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் உள்ள வி.ஐ.டி. இரண்டுக்கும் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அப்பா ஒன்று சொல்கிறார், பெரியப்பா மற்றொன்று சொல்கிறார். அம்மாளின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராக இருக்கிறது. படிக்கப் போகிறவளோ மாடிப்படியில் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

எது உசத்தி! இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் குடும்பங்கள் பாதி ராத்திரிகளைத் தொலைக்கின்றன. கொஞ்சம் சரித்திரம் பாருங்கள். வேலூரில் 1984-ல் இன்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கியது ஒன்று. காட்டாங்கொளத்தூரில் 1985-ல் தொடங்கியது மற்றொன்று. 1956-ஆம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து ஒன்றுக்கு 2001-ல், மற்றதற்கு 2002-ல். 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி இப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் பேரில் 'யூனிவர்சிடி' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றானபோது இரண்டுமே அந்த வார்த்தையை எடுத்துவிட்டன. நாக் குழுவிடம் ஏ ப்ளஸ் ப்ளஸ் இரண்டுமே வாங்கியிருக்கின்றன. கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கிறவர்களில் எவர் உசத்தி என்று பெரியப்பா சண்டை பிடித்தால் பிடிக்கட்டும். நாம் வேறு வேலை பார்ப்போம்.

முதல் வேலை, காகிதத்தில் எந்த வளாகம் என்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. எஸ்.ஆர்.எம். என்றால் காட்டாங்கொளத்தூர் மட்டுமல்ல. ராமாபுரத்திலும் வடபழனியிலும் உண்டு. வி.ஐ.டி.யின் சென்னை வளாகம் 2010-ல் வந்தது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் அந்தப் பேருக்கு எதிரே ஊர் என்று இருப்பது வேலூர். ஆகவே பட்டியலில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, அது நம் பெண் உட்காரப் போகிற வகுப்பறையின் எண் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தப் பட்டியலையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? 2016 முதல் மத்திய அரசு வெளியிடுவது அது. நூறு மார்க்கில் பாடம் நடத்துவதற்கும் அதற்கான வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைமைக்கு 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, வெளியிலுள்ளவர்களின் அபிப்பிராயத்துக்கு 10. ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை வந்தது என்பது முதல் வருஷப் பெண்ணுக்கு உடனே உதவுகிற சமாசாரமில்லை. அவளுக்கு உதவுவது வேறொன்று. இந்தப் பட்டியலுக்காகக் கொடுத்த விவரங்களைக் கல்வி ஸ்தாபனங்கள் தங்கள் வெப்சைட்டிலும் வைத்திருக்கின்றன. எத்தனை பேர் குறித்த காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள், 'மீடியன்' சம்பளம் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும்.

மீடியன் என்றால் பயப்பட வேண்டாம். வேலை கிடைத்த பெண்களைச் சம்பளப்படி உயரவரிசையில் நிற்க வைத்தால், நட்டநடுவில் நிற்பவள் வாங்குகிற சம்பளம். விளம்பரப் பலகையில் சிரிக்கிறாளே, அவள் வரிசையின் கடைசியில் தனியாக நிற்கிறவள்! நடுவில் நிற்பவளைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். அதிலும் எல்லா டிபார்ட்மெண்டும் கலந்திருக்கும் என்பதால், நம் பெண் சேரப் போகிற பிரிவில் மட்டும் எப்படி என்று ஆபீசில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு வெட்கம் என்ன? புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்துக் காட்டச் சொல்லாமலா வாங்குகிறோம்?

அடுத்தது பணம். வி.ஐ.டி.யில் ஒரே படிப்புக்கே ஐந்து கட்டணப் பிரிவுகள். நுழைவுத் தேர்வின் ராங்க்குக்கு ஏற்பப் பிரிவு அமையும். முதல் பிரிவுக்கும் ஐந்தாம் பிரிவுக்கும் வருஷத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேலேயே வித்தியாசம் உண்டு. மாடி வீட்டுப் பெண்ணுக்கு வந்தது நான்காம் பிரிவு. அங்கே ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. மாணவர்களே எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில் பாடம் என்று பார்த்துத் தங்கள் டைம்டேபிளை அமைத்துக்கொள்ளலாம். தானாக முடிவெடுக்கிற பெண்ணுக்கு அது பிரமாதம். கைப்பிடியைச் சுரண்டுகிற பெண்ணுக்கு எப்படியோ என்று எனக்குள் ஒரு சந்தேகம். (அது தப்பான சந்தேகம் என்று மறுநாளே தெரிந்தது.)

ஒரு பழைய நோட்டில் இரண்டு பத்தி போட்டோம். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், காலேஜ் பஸ், புஸ்தகம், லாப்டாப். ஒரு வருஷத்துக் கணக்கு முடிந்ததும் அம்மாள் பேனாவை மூடினார். "நாலால் பெருக்குங்கள்" என்றேன். பெருக்கியதும் வீட்டில் யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை மூன்று பேருமாகப் புறப்பட்டோம். இரண்டு இடத்துக்கும் சென்னை என்றுதான் விலாசம். ஆனால் இரண்டும் இருப்பது 2019-ல் பிறந்த செங்கல்பட்டு ஜில்லாவில்! மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, லேடீஸ் பெட்டியில் இடம் பிடித்து, பொத்தேரியில் இறங்கினால் காலேஜ் நடக்கிற தூரம். பேரைப் பார்த்து அடுத்த ஸ்டேஷனான காட்டாங்கொளத்தூரில் போய் இறங்கிவிடாதீர்கள். திரும்பி வரும்போது வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் பஸ் பிடித்தோம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து இந்த இரண்டு பேரும் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. ஒரு 'கே'க்கும் ஒரு 'கி'க்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல்!

இரண்டு இடத்திலும் ஆபீசில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ஆனால் விஷயம் வெளியே வந்தது வேறு இடத்தில். பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் நம் மாடிப்படிப் பெண் தானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். "லாப் முடிய எத்தனை மணி ஆகும்? மாம்பலம் பக்கத்திலிருந்து யாராவது வீட்டிலிருந்தே வருகிறார்களா? பிரிவு மாற்றிக்கொள்ள முடியுமா?" வாத்தியார் மாதிரிக் கேட்டுக்கொண்டே போனாள். அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

ரயிலில்தான் அவள் மனசைத் திறந்தாள். "எனக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேணும்மா. கேளம்பாக்கம் ரோட்டில் வந்திருப்பது எலக்ட்ரானிக்ஸ். அதைவிட, ஹாஸ்டல் வேண்டாம். பொத்தேரி என்றால் சீசன் டிக்கெட்டில் வீட்டிலிருந்தே போய் வருவேன். அந்தப் பணம் தம்பிக்கு ஆகும்."

இதே கணக்கை சிறுசேரியிலோ நாவலூரிலோ குடியிருக்கும் குடும்பம் போட்டால் விடை நேர்மாறாக வரலாம். எலக்ட்ரானிக்ஸில் ஆசை உள்ள பெண்ணானாலும் அப்படித்தான்.

இனிமேல்தான் எனக்குப் பயம் பிடித்த கட்டம். 2008-ல் என் தம்பிக்கு ஒரு காலேஜில் முன்கூட்டியே பணம் கட்டினோம். பேர் வேண்டாம், விடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தது. சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க அப்பா நாலு தடவை நடந்தார். பணம் வரவே இல்லை. அப்பா அதைப் பற்றி அப்புறம் பேசியதும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங்குக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே கவுன்சலிங். ஆனால் அது நடப்பது ஜூலையை ஒட்டி. தனியார் இடங்களுக்குப் பணம் கட்டுவது அதற்கு முன்பே. நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் நாம். இதற்காக யு.ஜி.சி. 2018-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. முறையாக அறிவித்த அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வரும். 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், பிடிக்கலாம். தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80. 30 நாள் வரை 50. அப்புறம் ஒன்றுமில்லை. பிந்திய சில வருஷங்களில் இன்னும் தாராளமான தேதிகளோடு தனிச் சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. நீங்கள் சேரும் வருஷத்துக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி எது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எல்லாமே அந்த ஒரு தேதியில் தொங்குகிறது.

திங்கட்கிழமை பொத்தேரிக்கே பணம் கட்டினார்கள். சீட்டுப் பணத்திலிருந்து முதல் தவணை. மிச்சத்துக்கு பாங்கியில் விண்ணப்பம். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிலுள்ள ஸ்தாபனங்களில் சேர்ந்தால் ஜாமீனும் அடமானமும் கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்கலாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் அந்தச் சலுகை. கிடைத்தே தீரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு இன்னும் வருத்தம். கவுன்சலிங்குக்கும் பதிந்து வைத்திருக்கிறார்கள். சர்டிபிகேட்டுகள் மாடி வீட்டு பீரோவில். சங்கிலி அம்மாள் கழுத்தில்.

பெண்ணை ஹாஸ்டலில் விட்டிருக்கும் தாய்மார்கள் மெஸ், பூட்டு, வார்டன் பற்றி எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அதைப் பேசுவோம்.