புசல்லாவையில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையைக் கும்பிட்டு, ஏரியைச் சுற்றிவிட்டு, நேரே நுவரெலியாவுக்கு வண்டியேறிவிடுகிறார்கள். கம்பளை தாண்டி மலையேறும் வீதியில் புசல்லாவை அவர்களுக்கு வேன் ஜன்னலில் ஓடி மறையும் ஒரு கடைத்தெரு மட்டுமே.

பெரிய இழப்பு அது.

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பலர் அறிவர். அதற்கு 26 ஆண்டுகள் முன்பே, 1841இல், வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலையை நட்டுப் பார்த்தது புசல்லாவை றொத்சைல்ட் தோட்டத்தில்தான். அன்று கோப்பிக்கே மவுசு, தேயிலை எடுபடவில்லை.

காலைப் பனி விலகும்போது, கொழுந்துப் பையின் கயிறு நெற்றியில் அழுந்த, பெண்கள் சரிவில் ஏறுவதை வீதியோரம் நின்றே பார்க்கலாம். தமிழகத்திலிருந்து காடும் மலையும் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்கள் வாழும் லயத்தைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஊர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடித்தால், சுற்றுலாப் பணத்தில் கொஞ்சமாவது தோட்டப்புறத்தில் தங்கும்.