படகுச் சீட்டும் சாக்கடைத் தண்ணீரும்

உதகமண்டலம் ஏரியில் படகு விடப்படுவதும், கோடை மாதங்களில் ஜனங்கள் சீட்டுக்காக வரிசையில் நிற்பதும் வாசகர்கள் அறிந்ததேயாகும். அங்கு போய்வந்த தோழர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். படகில் ஏறியவுடன் தண்ணீரைக் கையால் அளைய ஆசைப்பட்ட உங்கள் பிள்ளையை ஏன் அதட்டி இழுத்தீர்கள்? குளிருக்காகவா, நாற்றத்துக்காகவா?

இந்த ஏரி தானாய் உண்டானதல்ல. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி, ஓடைத் தண்ணீரை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. இன்று பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம் ஒரு காலத்தில் இதே ஏரித் தண்ணீர் நின்ற இடமாகும். இடத்தைப் பிடுங்கிக் கொண்டதோடாவது விட்டார்களா? ஊருக்குள்ளிருந்து வரும் கோடப்பமந்துக் கால்வாயை இதற்குள்ளேயே திருப்பியிருக்கிறது. வீட்டுக் கழிவும் ஓட்டல் கழிவும் அதில்தான் வருகின்றன. பாதாளச் சாக்கடை இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது, கால்வாயிலும் கழிவு வந்துகொண்டுதான் இருக்கின்றது! அப்படியானால் அந்தச் சாக்கடை யாருக்காகப் பாதாளத்தில் இருக்கின்றதோ நமக்கு விளங்கவில்லை.

கழிவிலுள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரையும் பாசியும் கொழுக்கின்றன. அவை செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு குறைகின்றது. மீன்களுக்கு மூச்சு முட்டுகின்றது. மலத்தோடு வந்த கிருமிகளோ துடுப்பு தெறிக்கும் துளியிலும் இருக்கும். அந்தத் துளி வாய்க்குள் போனால் வயிற்றுப்போக்கு வருவதற்குச் சீட்டு வேறு வாங்க வேண்டியதில்லை.

இதற்கு அதிகாரிகள் செய்யும் வைத்தியம் என்னவென்றால், ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவது. கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல் தரையைத் துடைக்கின்றவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? ஆனால் அவர்கள் பழியை மாத்திரம், பிஸ்கட் காகிதம் வீசுகின்ற சுற்றுலாக்காரன் தலையில் போடுகின்றார்கள். காகிதம் வீசுவது தப்புதான். நாம் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் காகிதமா இந்த நாற்றத்தை உண்டாக்கிற்று? நாள்தோறும், விடுமுறையில்லாமல், வந்து விழுகின்ற சாக்கடையல்லவா?

இது உல்லாசக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் நினைக்க வேண்டாம். வருஷமெல்லாம் மில்லிலும் தோட்டத்திலும் உழைத்து, ஒருநாள் பெண்டு பிள்ளைகளோடு மலையேறுகின்றவன் பணக்காரனா? பணக்காரனுக்கு வேறு ஏரி கிடைக்கும். அன்றியும், இந்த ஏரியில் மிஞ்சிய தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்குத்தான் போகின்றது. கால்வாய்க் கரையில் குடியிருக்கின்ற ஏழைக்கோ வருஷம் முழுவதும் இதே நாற்றந்தான். அவனுக்குப் படகுமில்லை, சீட்டுமில்லை.

சர்க்காரின் சுற்றுலாத் துறை 1973-ல் இந்த ஏரியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வசூலும் அவர்களுடையது. ஆகையால் நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. கால்வாயில் கழிவு விடும் ஒவ்வொரு குழாயும் யாருடையது என்று கண்டுபிடித்து, ஓட்டல் முதலாளியாயினும் சர்க்கார் விடுதியாயினும் தாட்சண்யமின்றி அடைக்கட்டும். அதுவரையில், சீட்டு விலை எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் அந்த மாதத்துத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் தமிழில் எழுதித் தொங்கவிடட்டும். அதைப் படித்த பிறகு ஏறுகின்றவர் ஏறட்டும்.